பெரியவருக்கு வாங்கும் பழைய கார்



ரப்பருக்கும் மோட்டார் காருக்கும் உள்ள உறவைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1908ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹென்றி போர்டு ‘மாடல் டி’ என்னும் காரை வெளியிட்டார். கார்கள் பெருகப் பெருக, டயர்களுக்கு ரப்பர் தேவைப்பட்டது. 1910ஆம் ஆண்டில் ரப்பரின் விலை உச்சிக்கு ஏறியது. மலாயாவில் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் விடியற்காலையில் சீவிய பால், உலகத்துச் சாலைகளில் சக்கரமாய் உருண்டது. ஆனால் பால் சீவியவர்கள் நடந்தே சென்றார்கள். கார் என்பது துரை பங்களாவில் நிற்கும் பொருளாக இருந்தது. அடுத்த தலைமுறைக்குச் சைக்கிள் வந்தது. அதற்கடுத்துக் கப்சாய் மோட்டார் சைக்கிள் வந்தது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. பாடாங் செராய் வட்டாரத்தில் விக்டோரியா, ஹென்றியட்டா ஆகிய தோட்டங்களின் பெயரைச் சொல்லி வளர்ந்த பிள்ளைகள் பலர் இப்போது தாமான்களில் குடியிருக்கிறார்கள். 1996ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் வேலை செய்கிறார்கள். அவர்களைப் படிக்க வைத்து ஆளாக்கிய அப்பாவோ, பெரியப்பாவோ, மாமாவோ வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். முழங்கால் வலி வந்துவிட்டது. மழையில் மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியவில்லை. மாதந்தோறும் கூலிம் மருத்துவமனைக்கோ, சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனைக்கோ போய் வர வேண்டியிருக்கிறது. கல்யாணம், கருமாதி, தண்ணீர்மலைத் தைப்பூசம் என்று குடும்பத்தோடு போகவும் ஒரு வாகனம் தேவைப்படுகிறது. அவர் சொல்கிறார்: “தம்பி, எனக்கு ஒரு பழைய காடி பார்த்துக் கொடு.”

சின்ன வேண்டுகோள்தான். ஆனால் அதற்காக அவர் எடுக்கும் பணம் சின்னப் பணம் அன்று. அது ஊழியர் சேம நிதியில் முப்பது, நாற்பது வருடம் சிறுகச் சிறுகச் சேர்ந்த பணம். இளைஞன் ஒருவன் கெட்ட காரை வாங்கி ஏமாந்தால், இரண்டு வருடம் கூடுதலாக உழைத்து ஈடுகட்டிவிடலாம். அறுபது வயதைக் கடந்தவருக்கு அந்த இரண்டாம் வாய்ப்பு இல்லை. ஆகவே, வீட்டுப் பெரியவர் நம்பத்தக்க பழைய கார் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பிள்ளைகள் எப்படித் துணை நிற்கலாம் என்பதே இன்றைய பேச்சு.

பழைய காரைத் தேர்ந்தெடுப்பது ஏன் கடினமாக இருக்கிறது? இந்தக் கேள்வியைப் பொருளாதார அறிஞர் ஒருவரே ஆராய்ந்திருக்கிறார். அவர் பெயர் ஜார்ஜ் அக்கர்லாஃப். 1970ஆம் ஆண்டு அவர் எழுதிய கட்டுரையின் பெயர் ‘எலுமிச்சைகளின் சந்தை’. நம் மக்கள் கார் வாங்கியதும் கோவிலுக்கு ஓட்டிச் சென்று, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். அமெரிக்கர்களோ ஓயாமல் தொல்லை கொடுக்கும் காரையே ‘எலுமிச்சை’ என்று அழைக்கிறார்கள்!

அக்கர்லாஃப் சொன்னது இதுதான். சந்தையில் இரண்டு பழைய கார்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். நல்ல காரின் மதிப்பு 14,000 வெள்ளி. கெட்ட காரின் மதிப்பு 6,000 வெள்ளி. எது நல்லது, எது கெட்டது என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் நடுவிலையாக 10,000 வெள்ளி தருகிறேன் என்கிறார். நல்ல காரின் சொந்தக்காரர், “இந்த விலைக்கு நான் ஏன் விற்க வேண்டும்?” என்று வீட்டுக்கு ஓட்டிப் போய்விடுகிறார். கெட்ட காரின் சொந்தக்காரர் மட்டும் மகிழ்ச்சியோடு கை நீட்டுகிறார். இப்படியே போனால் சந்தையில் கெட்டவையே மிஞ்சும். இந்த ஆராய்ச்சிக்காக 2001ஆம் ஆண்டு அவருக்கும் வேறு இருவருக்கும் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன? பழைய கார் வாங்குவதில் விற்பவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாமல் இருப்பதே ஆபத்து. அவருக்குத் தெரிந்ததை நாமும் தெரிந்துகொள்வதற்கான வழிகளைத் தேடுவதே கெட்டிக்காரத்தனம். பளபளப்பைப் பார்ப்பதும், அழகான ரிம்மைப் பார்ப்பதும் அந்த வழிகள் ஆகமாட்டா. மூன்று கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கார் பெரியவருக்குப் பொருந்துமா? இதன் உடம்பு நலமாக இருக்கிறதா? இதன் தாள்கள் சுத்தமாக இருக்கின்றனவா?

இந்த மூன்றுக்கும் முன்பாகப் பணக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். கையில் இருப்பது 15,000 வெள்ளி என்றால் 15,000 வெள்ளிக்குக் கார் தேடக்கூடாது. பன்னிரண்டாயிரத்துக்குத் தேடுங்கள். மீதி மூவாயிரத்தைத் தனியே வையுங்கள். எவ்வளவு பார்த்து வாங்கினாலும், பழைய கார் முதல் வருடத்தில் டயர், பேட்டரி, பிரேக், காப்புறுதி என்று கை நீட்டத்தான் செய்யும்.

வருடச் செலவையும் பாருங்கள். தீபகற்ப மலேசியாவில் தனியார் செடான் காருக்குச் சாலை வரி எஞ்சினின் கொள்ளளவைப் பொறுத்தது. 1,000 சிசி வரை வருடத்துக்கு 20 வெள்ளி. 1,001 முதல் 1,200 வரை 55 வெள்ளி. 1,400 வரை 70 வெள்ளி. 1,600 வரை 90 வெள்ளி. அதைத் தாண்டினால் வரி தாவி ஏறுகிறது. 1,998 சிசி எஞ்சின் கொண்ட காருக்கு 379 வெள்ளி. பழைய பெரிய கார்கள் மலிவாகக் கிடைப்பதைக் கண்டு பலர் மயங்குகிறார்கள். வரியும், பெட்ரோலும், உதிரிப் பாகமும் சேரும்போதுதான் அந்த மலிவின் உண்மை விலை தெரிகிறது. யானையை வாங்குவது எளிது. தீனி போடுவதுதான் கடினம்.

காப்புறுதியிலும் ஒரு செய்தி உண்டு. இழப்பீடு கோராமல் ஓட்டியவருக்குக் கட்டணக் கழிவு கிடைக்கும். முதல் வருடத்துக்குப் பிறகு 25 விழுக்காட்டில் தொடங்கி 55 விழுக்காடு வரை அது உயரும். ஆனால் அந்தக் கழிவு காரோடு வருவதன்று, ஆளோடு வருவது. விற்பவர் “நான் குறைவாகத்தான் கட்டுகிறேன்” என்று சொன்னால், அந்தத் தொகை நம் பெரியவருக்குப் பொருந்தாது. அவர் பெயரில் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

இனி, எந்தக் கார் என்ற கேள்விக்கு வருவோம். நம் நாட்டில் செடான் கார் என்றதும் எல்லார் நினைவுக்கும் வருவது புரோட்டோன் சாகா. 1985ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் சாகா வெளிவந்தது. ஜப்பானிய மிட்சுபிஷி நிறுவனத்தின் லான்சர் காரை அடிப்படையாகக் கொண்டு அது கட்டப்பட்டது. பின்பு 2008ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் புதிய சாகாக்கள் வந்தன. 1993ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பெரோடுவா நிறுவனம் நெடுங்காலம் சிறிய கார்களையே செய்து வந்தது. அதன் முதல் செடானாகிய பெஸ்ஸா 2016ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்தது. ஜப்பானியப் பெயர்களை விரும்புவோருக்குத் தோயோத்தா வியோஸ், ஹோண்டா சிட்டி ஆகியவை உண்டு.

இவற்றுள் எது சிறந்தது என்று ஒரே சொல்லில் சொல்ல முடியாது. ஆனால் பெரியவருக்கு வாங்கும்போது ஒரு விதியைக் கைக்கொள்ளலாம். அவர் வீட்டுக்கு அருகில் உள்ள சாதாரணப் பட்டறையில், எந்தக் காரைப் பார்த்தால் போர்மன் “நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லுவாரோ, அந்தக் காரே அவருக்கு ஏற்றது. “பொருள் கோலாலம்பூரிலிருந்து வரவேண்டும்” என்று அவர் தலையைச் சொறியும் கார், எவ்வளவு உயர்ந்ததாயினும் நமக்கு வேண்டாம். சாகாவும் பெஸ்ஸாவும் சாலையில் ஏராளமாக ஓடுகின்றன. அவற்றின் பாகங்கள் சிறு பட்டணத்துக் கடைகளிலும் கிடைக்கின்றன. வியோஸும் சிட்டியும் அவ்வாறே எங்கும் ஓடுபவை. ஆனால் அதே வயதுள்ள காருக்கு விலை கூடுதலாகக் கேட்பார்கள். ஒரே பணத்துக்கு வயது முதிர்ந்த ஜப்பானியப் பெயரா, வயது குறைந்த உள்நாட்டுப் பெயரா என்றால், ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டது எது என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஒரே பெயருள்ள காரிலும் வருடத்துக்கு வருடம் வேறுபாடு உண்டு. சாகாவின் தானியங்கிக் கியர் 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மாற்றப்பட்டது. அதற்கு முன்பு சிவிடி என்னும் வகை. அதற்குப் பின்பு ஹியுண்டாய் நிறுவனத்தின் நான்கு வேகக் கியர். 2018ஆம் ஆண்டுச் சாகாவையும் 2020ஆம் ஆண்டுச் சாகாவையும் தூரத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி போல் இருக்கும். வயிற்றுக்குள் இருப்பது வேறு. கியர் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். பதிலும் ரசீதும் சேர்ந்து வந்தால் நல்லது.

இப்போது முதல் கேள்வி: கார் பெரியவருக்குப் பொருந்துமா? இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், பெரியவரே வேண்டும். அவரை அழைத்துச் செல்லாமல் கார் பார்க்கப் போகாதீர்கள். செடான் காரின் இருக்கை தாழ்வானது. ஓட்டுநர் இருக்கையில் அவர் உட்காரட்டும், எழுந்திருக்கட்டும். மூன்று முறை செய்யட்டும். முழங்கால் சிரமப்படுகிறதா, தலை மேலே இடிக்கிறதா என்று பாருங்கள். உட்கார்ந்தபடி முன் சாலையும், பின்பக்கக் கண்ணாடியும், வேகம் காட்டும் எண்களும் தெளிவாகத் தெரிகின்றனவா என்று கேளுங்கள். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடிகிறதா? ஸ்டீயரிங்கைச் சுழற்றுவது தோளுக்கு வலிக்கிறதா? பாட்டியையும் பின் இருக்கையில் உட்கார வைத்துப் பாருங்கள். காரில் அதிகம் ஏறி இறங்கப் போகிறவர் அவராகவும் இருக்கலாம்.

பின்பெட்டியையும் திறந்து மூடச் சொல்லுங்கள். பெஸ்ஸாவின் பெட்டி 508 லிட்டர். 2016ஆம் ஆண்டுச் சாகாவின் பெட்டி 420 லிட்டர். எண்ணைவிட முக்கியமானது பெட்டியின் விளிம்பு. சக்கர நாற்காலியையோ அரிசி மூட்டையையோ எவ்வளவு உயரம் தூக்க வேண்டியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

உரிமத்தையும் பார்த்துவிடுங்கள். ‘டிஏ’ வகை உரிமம் வைத்திருப்பவர் தானியங்கிக் கியர் கார் மட்டுமே ஓட்டலாம். ‘டி’ உரிமம் இருந்தால் இரண்டும் ஓட்டலாம். மோட்டார் சைக்கிள் உரிமம் மட்டும் இருந்தால், முதலில் உரிமம், பிறகுதான் கார். கண்ணில் புரை இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிவிடுவதும் நல்லது. எவ்வளவு நல்ல விளக்குள்ள காரும் புரை விழுந்த கண்ணுக்கு வழிகாட்டாது.

இரண்டாம் கேள்வி: காரின் உடம்பு நலமா? பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மாலையிலும் மழையிலும் பார்த்தால் எல்லாக் காரும் அழகிதான். “நாங்கள் வரும்வரை எஞ்சினை முடுக்க வேண்டாம்” என்று விற்பவரிடம் சொல்லி வையுங்கள். போனதும் எஞ்சின் மூடியின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், முன்பே முடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த எஞ்சின்தான் தன் குறையை ஒளிக்காது.

எஞ்சின் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தே தாரிக் நிறத்தில் நுரை படிந்திருந்தால், எண்ணெயோடு தண்ணீர் கலக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அது பெரிய செலவாக முடியலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் துருநிறமாக இருந்தாலும், எண்ணெய் மிதந்தாலும் கவனம் தேவை. பிறகு முடுக்கச் சொல்லிப் புகைக் குழாயைப் பாருங்கள். நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது. கரும்புகை வந்தால் பெட்ரோல் சரியாக எரியவில்லை. காலையில் சற்றே வெள்ளாவி வந்து மறைவது இயல்பு. எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை தொடர்ந்தால் தண்ணீர் உள்ளே எரிகிறது என்று பொருள்.

அடுத்து, அடிபட்ட காரா என்று பாருங்கள். கதவுகளுக்கு இடையிலுள்ள சந்து இருபுறமும் ஒரே அளவாக இருக்கிறதா? எஞ்சின் மூடியையும் முன் மட்காட்டையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் சாயம் உரிந்து, ஸ்பானர் தடம் தெரிகிறதா? தெரிந்தால் அவை கழற்றி மாட்டப்பட்டவை. சிறிய மோதலால் மட்காட்டு மாற்றியிருந்தால் பாதகமில்லை. பின்பெட்டியின் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். தரைத் தகடு நெளிந்தோ, புதிதாக ஒட்டவைத்த கோடு தெரிந்தோ இருந்தால் விலகிவிடுங்கள். இரண்டு கார்களை வெட்டி ஒன்றாக ஒட்டும் கொடுமையும் நாட்டில் உண்டு. அப்படி ஒட்டிய கார், விபத்து நேரத்தில் ஒட்டிய இடத்தில் பிரிந்து போகலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய கார் மற்றோர் ஆபத்து. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் குனோங் ஜெராய் அடிவாரத்தில் யான் வட்டாரத்தில் வந்த வெள்ளத்தையும், 2022ஆம் ஆண்டு ஜூலையில் பாலிங் குப்பாங் பகுதியில் வந்த வெள்ளத்தையும் கெடா மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் ஷா ஆலாம் வட்டாரத்தில் எத்தனையோ கார்கள் நீரில் மூழ்கின. மூழ்கிய கார் கழுவித் துடைக்கப்பட்டு வேறு மாநிலத்தில் விலைக்கு வரலாம். அதன் மின்கம்பிகள் உள்ளுக்குள் மெல்ல மெல்ல அரித்துப் போகும். கண்டுபிடிப்பது எப்படி? இருக்கைப் பட்டையை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். கடைசிச் சாணில் சேற்றுக் கறை தெரியும். இருக்கையின் அடியிலுள்ள இரும்புத் தண்டில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். கால் விரிப்பின் கீழே ஈர நாற்றம் வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள். காருக்குள் வாசனைப் போத்தல்கள் அளவுக்கு மிஞ்சித் தொங்கினால், எதை மறைக்கிறார்கள் என்று கேட்கத் தவறாதீர்கள்.

ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அதைக் குறைத்து வைக்க முடியும். ஆனால் பிரேக் மிதியின் ரப்பரும், ஸ்டீயரிங்கின் தோலும், ஓட்டுநர் இருக்கையின் ஓரமும் பொய் சொல்லமாட்டா. நாற்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்று எண் காட்டி, மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் இரண்டில் ஒன்று பொய். சர்வீஸ் புத்தகத்தைக் கேளுங்கள். தேதியும் தூரமும் வரிசையாக ஏறிக்கொண்டே வருகின்றனவா என்று பாருங்கள்.

டயரைப் பற்றி நம் மக்களிடம் ஒரு சொல் கூடுதலாகச் சொல்லலாம். ரப்பர் உயிருள்ள மரத்திலிருந்து வந்தது. அதற்கு வயது உண்டு. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும், வயதாகி வெடிப்பு விட்ட டயர் மழைச் சாலையில் நம்பத்தக்கதன்று. நான்கு டயரும் ஒரே மாதிரி தேயாமல் ஒன்று மட்டும் ஓரமாகத் தேய்ந்திருந்தால், சக்கர அமைப்பு கோணலாக இருக்கலாம்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். சும்மா தாமானைச் சுற்றி வருவது போதாது. மேடு பள்ளமான சாலையிலும், சற்று வேகமாகப் போகும் சாலையிலும் ஓட்ட வேண்டும். கியர் மாறும்போது உதைக்கிறதா? பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா? ஸ்டீயரிங்கை முழுதும் ஒடித்துத் திருப்பும்போது ‘டக் டக்’ என்று ஒலி வருகிறதா? வானொலியை அணைத்துவிட்டுக் கேளுங்கள். குளிர்சாதனம் போட்டபடி அரைமணி நேரம் ஓட்டி, வெப்பமானி ஏறுகிறதா என்று கவனியுங்கள்.

இவையெல்லாம் முடிந்து மனத்துக்குப் பிடித்தால், உங்கள் போர்மனிடம் காட்டுங்கள். விற்பவருடைய போர்மனிடம் அன்று, உங்களுடையவரிடம். அவருடைய நேரத்துக்குக் கூலி கொடுங்கள். ஐம்பது, நூறு வெள்ளியை மிச்சம் பிடித்து ஐயாயிரத்தை இழந்தவர் பலர். காரைத் தூக்கி அடியில் பார்க்கவும், டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினானால் அது எப்போது மாற்றப்பட்டது என்று சொல்லவும் அவரால்தான் முடியும். அந்த வார் ஓடும்போது அறுந்தால் எஞ்சினையே கெடுத்துவிடக்கூடும். விற்பவர் போர்மனிடம் காட்ட மறுத்தால், அந்த மறுப்பே உங்களுக்குப் பதில். அக்கர்லாஃப் சொன்ன ரகசியம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

மூன்றாம் கேள்வி: தாள்கள் சுத்தமா? ‘கெரான்’ என்று நாம் அழைக்கும் உரிமைச் சான்றிதழில் உள்ள பெயரும், விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அதில் உள்ள எஞ்சின் எண்ணையும் சட்டக எண்ணையும் காரில் பொறித்த எண்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். வங்கிக் கடன் தீர்ந்ததா, போலீஸ் சம்மனும் சாலைப் போக்குவரத்து இலாகாவாகிய ஜேபிஜேயின் சம்மனும் கட்டப்பட்டனவா என்று விசாரியுங்கள். 2023ஆம் ஆண்டிலிருந்து தனியார் கார்களுக்குச் சாலை வரியும் ஓட்டுநர் உரிமமும் மைஜேபிஜே செயலியில் மின்னியல் வடிவில் கிடைக்கின்றன. ஆகவே கண்ணாடியில் ஒட்டிய தாளைப் பார்த்து மட்டும் திருப்தி அடையாதீர்கள். செயலியில் காட்டச் சொல்லுங்கள். சொந்தக்காரர் இறந்துவிட்டார், கார் வீட்டில் நிற்கிறது என்றால், வாரிசுரிமைக் காரியம் முடிந்த பிறகே வாங்குங்கள். “நம்ம ஆள்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பது இங்கே உதவாது.

பெயர் மாற்றத்துக்காகப் புஸ்பாகோம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் கார் சோதிக்கப்படும். இதைப் பற்றிப் பலரிடம் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அந்தச் சோதனையில் தேறிவிட்டால் கார் நல்ல கார் என்று நினைக்கிறார்கள். அது முக்கியமாகக் காரின் அடையாளமும் சட்டத் தேவைகளும் சரியா என்று பார்ப்பது. இந்த எஞ்சின் இன்னும் ஐந்து வருடம் உழைக்கும் என்று அது உறுதி கூறுவதில்லை. போர்மனின் சோதனையும் வேண்டும், இதுவும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. பணம் முழுவதையும் பெயர் மாற்றத்துக்கு முன்பே கொடுத்துவிடாதீர்கள். கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது வாங்குங்கள்.

இங்கே ‘சம்போங் பாயார்’ என்ற பொறியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். தவணை கட்ட முடியாத ஒருவர், “எனக்குக் கையில் இரண்டாயிரம் கொடுங்கள், காரை எடுத்துக்கொள்ளுங்கள், மீதித் தவணையை நீங்கள் கட்டி வாருங்கள்” என்பார். கேட்கும்போது சுலபமாக இருக்கும். ஆனால் அந்தக் கார் அவருடையதே அன்று; கடன் தீரும்வரை வங்கியினுடையது. 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, வங்கியின் சம்மதமின்றி அதைக் கைமாற்றக் கூடாது. பெரியவர் ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டினாலும் கார் அவர் பெயருக்கு வராமல் போகலாம். நடுவில் உள்ள ஆள் பணத்தை வங்கியில் கட்டாமல் விட்டால், ஒருநாள் காலையில் வாசலில் நிற்கும் காரை இழுத்துச் சென்றுவிடுவார்கள். இப்படிப்பட்ட ஏற்பாட்டை யார் கொண்டு வந்தாலும், கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

முறையான தவணையில் வாங்கினால் மாதக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். முழுக் கணக்கைப் போடுங்கள். காரின் விலை 22,500 வெள்ளி, முன்பணம் 2,500, மாதம் 420 வெள்ளி வீதம் 60 மாதம் என்று வைத்துக்கொள்வோம். தவணை மட்டும் 25,200 வெள்ளி ஆகிறது. முன்பணத்தைக் கூட்டினால் 27,700. அதாவது காரின் விலைக்கு மேல் 5,200 வெள்ளி கொடுக்கிறீர்கள். பெரியவர் சார்பில் பிள்ளை ஜாமீன் நின்றால், பெரியவரால் கட்ட முடியாத நாளில் அந்தக் கடன் பிள்ளையின் கடன் ஆகிவிடும் என்பதையும் அறிந்தே கையெழுத்திட வேண்டும்.

யாரிடம் வாங்குவது? தெரிந்தவரிடம் வாங்கினால் காரின் சரித்திரம் தெரியும். பத்து வருடம் யார் ஓட்டினார், எங்கே மோதியது, எந்தப் பட்டறையில் பார்த்தார்கள் என்பதெல்லாம் தோட்டத்தில் ஒளித்து வைக்க முடியாத செய்திகள். அது பெரிய பலம். கடைக்காரரிடம் வாங்கினால் சரித்திரம் குறைவு. சட்டப் பாதுகாப்பு அதிகம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், வியாபாரமாகப் பொருள் விற்பவர் ஏற்றுக்கொள்ளத்தக்க தரமுள்ள பொருளைத் தரவேண்டும் என்கிறது. சிக்கல் வந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை வழக்குத் தொடுக்கலாம். கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் வேண்டியதில்லை. மூன்று வருடத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். எப்படிச் செய்வது என்று தெரியாதவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் ஆலோசனை கேட்கலாம். ஆனால் தனியாளிடம் வாங்கிய காருக்கு இந்த மன்றம் உதவாது. அதனால்தான் தெரிந்தவரிடம் வாங்கும்போதும் போர்மனையும் தாளையும் விடக்கூடாது என்கிறோம். உறவு உறவாகவே இருக்கட்டும். கணக்கும் கணக்காகவே இருக்கட்டும்.

நேயர்களே, இறுதியாக ஒன்று. உதவி செய்வது வேறு, அதிகாரம் செய்வது வேறு. பணம் பெரியவருடையது, ஓட்டப் போகிறவரும் அவரே. “உங்களுக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இருங்கள்” என்று பிள்ளைகள் சொன்னால், அவர் மனம் நொந்து, அடுத்த முறை யாரிடமும் சொல்லாமல் தாமே போய் வாங்கிவிடுவார். ஏமாற்றுக்காரருக்கு அப்படித் தனியே வரும் பெரியவர்தான் வேண்டும். ஆகவே இரண்டு மூன்று கார்களைப் பார்த்து, நல்லதையும் குறையையும் தாளில் எழுதி அவர் முன்னே வையுங்கள். “பெரியப்பா, இது எஞ்சின் நன்றாக இருக்கிறது, ஆனால் இருக்கை உங்களுக்குத் தாழ்வு, அது விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் புத்தகம் ஒழுங்காக இருக்கிறது. நீங்களே சொல்லுங்கள்” என்று கேளுங்கள். மரத்தின் பட்டையைப் பார்த்தே பாலின் அளவைச் சொன்ன கண் அது. எதைப் பார்க்க வேண்டும் என்று காட்டிவிட்டால், நம்மைவிடக் கூர்மையாகப் பார்க்கும்.

அவசரப்படாதீர்கள். “இன்று முடிக்காவிட்டால் நாளை வேறொருவர் எடுத்துவிடுவார்” என்று சொல்பவரிடம், “எடுத்துக்கொள்ளட்டும்” என்று சொல்லும் துணிவு வேண்டும். பழைய கார்கள் தீர்ந்துவிடப் போவதில்லை. பெரியவரின் சேமிப்புதான் ஒருமுறை போனால் திரும்பாது. ஆளுக்குப் பொருத்தம், உடம்புக்கு நலம், தாளுக்குச் சுத்தம் ஆகிய மூன்றும் கூடி வரும்வரை பொறுத்திருந்து வாங்குங்கள். பிறகு கோவிலுக்கு ஓட்டிச் சென்று, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வையுங்கள். எலுமிச்சை இருக்க வேண்டிய இடம் அதுதான், எஞ்சினுக்குள் அன்று.